அப்பாவுக்கு இன்ஹேலர் மாத்தி 2 மாசம் ஆச்சு, நடக்கற தூரம் மட்டும் ஏறவே மாட்டேங்குது

உடுமலை_குமரன் · நவம்பர் 9, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பாவுக்கு 67 வயசு. 31 வருசம் ஸ்பின்னிங் மில்லுல வேலை, அதுல பாதி ப்ளோ ரூம்லயும் கார்டிங்லயும்தான், புருவமெல்லாம் பஞ்சுத்தூசி ஒட்டீட்டுதான் வீட்டுக்கு வருவாரு, கூடவே பீடி வேற, 2016லதான் முழுசா விட்டாரு. சிஓபிடி, அதாவது காத்துக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கற நாள்பட்ட நுரையீரல் நோய்னு சொல்லி 4 வருசம் ஆச்சு. அதுவரைக்கும் அஸ்தாலின் ஸ்ப்ரே மட்டும்தான் வெச்சிருந்தாரு, மூச்சு வாங்கினா 2 பஃப். செப்டம்பர்ல வேற டாக்டர்கிட்ட காமிச்சோம், அவரு டியோட்ரோபியம் 18 மைக்ரோகிராம் ரோட்டாகேப், அதாவது கருவில போட்டு வாயால இழுக்கற பவுடர் கேப்ஸ்யூல், தினமும் காலைல ஒண்ணுன்னு ஆரம்பிச்சு விட்டாரு, அஸ்தாலின் தேவைப்பட்டா மட்டும்.

போன வாரம் மறுபடி ஸ்பைரோமெட்ரி, அந்த ஊதிப் பாக்கற டெஸ்ட், எடுத்தாங்க. எஃப்இவி1, அதாவது மொத செகண்டுல ஊதித் தள்ற காத்து, 1.08 லிட்டர் இருந்தது 1.14 ஆயிருக்கு. அவ்வளவுதான், 60 மில்லி. ஆஸ்பத்திரி வராண்டாவுல 6 நிமிசம் நடக்க விட்டு அளந்தாங்க, அன்னிக்கு 240 மீட்டர், இப்ப 248. இந்த மருந்து அப்பாவுக்கு வேலை செய்யுதா இல்லையா? அவரு "எனக்கு ராத்திரி தூக்கம் நல்லா வருது, அது போதும்"னு சொல்லீட்டு பாதி நாள் வீட்டுத் திண்ணையிலயே உக்காந்துக்கறாரு. மாடி ரூம்ல இருந்தவரை தீவாளிக்கு முன்னாடி கீழ கொண்டு வந்து போட்டோம், அது எனக்கு மனசுக்கே சங்கடமா இருக்குங்க. மருந்தை மாத்தச் சொல்லோணுமா, டோஸ் ஏத்தச் சொல்லோணுமா?

வார்டு_அக்கா · நவம்பர் 9, இரவு 11:05

தம்பி, நான் நெஞ்சக நோய் வார்டுல 19 வருஷமா நர்ஸ். மருந்து மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, ரோட்டாகேப்பை எப்படி இழுக்கறாரு, நீங்க கண்ணால பாத்தீங்களா? இழுத்து முடிச்சதும் கேப்ஸ்யூலைத் திறந்து பாருங்க, உள்ள பவுடர் இருக்கான்னு. ரெண்டாவது, 6 நிமிஷம் நடக்கறப்ப அவர் எதனால நின்னாரு? மூச்சா, காலா? இதை யாருமே கேக்க மாட்டாங்க, எல்லாரும் மூச்சுன்னு எழுதிட்டு போயிடுவாங்க.

நெல்லை_பிசியோ · நவம்பர் 10, காலை 6:48

அக்கா கேட்ட ரெண்டாவது கேள்விதான் முக்கியம், அதுக்குள்ள போறதுக்கு முன்ன 60 மில்லி பத்தி சொல்லிடுதேன், ஏன்னா அந்த நம்பரைப் பாத்து நிறைய பேரு மருந்தையே விட்டுடுதாங்க.

சிஓபிடில பிரச்சினை காத்து உள்ள போகாம இருக்கது இல்ல, உள்ள போன காத்து வெளிய வராம இருக்கதுதான். ஒரே ஒரு படி இருக்க டவுன் பஸ்ஸை நினைச்சுக்கிடுங்க. இறங்க வேண்டியவங்க இறங்கி முடியதுக்குள்ள ஏறவங்க முண்டிக்கிட்டு வந்தா என்ன ஆகும், உள்ள நிக்க இடம் இருக்காது. உக்காந்திருக்கப்போ நிமிஷத்துக்கு 16, 18 மூச்சு, அப்போ காத்து இறங்க நேரம் இருக்கு. நடக்க ஆரம்பிச்சா 28, 30 மூச்சு ஆயிடும், மூச்சை விட்டு முடிக்கதுக்கு முன்னாடியே அடுத்த மூச்சை இழுத்தாகணும், ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமா காத்து உள்ள தேங்கி நெஞ்சு ஊதிப் போயிடும், அதுக்கு மேல இழுக்க இடமே இல்ல. அவங்க "மூச்சு இழுக்க முடியல"ன்னு சொல்லுததும் அதனாலதான், ஆனா அடைச்சுக்கிட்டிருக்கது வெளிய விடுத வழி.

டியோட்ரோபியம் மாதிரி மருந்து காத்துக்குழாயைச் சுத்தி இருக்க தசையைத் தளர்த்தி அந்த தேங்குன காத்தைக் கொஞ்சம் வெளிய விடும். அந்த வித்தியாசம் எஃப்இவி1ல பெருசா தெரியாது. சாதாரணமா மூச்சு விட்டு நிக்கப்போ, அதுக்கு மேல எவ்வளவு இழுக்க முடியுதுன்னு அளக்க ஒரு அளவு இருக்கு, அதுலதான் தெரியும். 2004ல 187 பேரை வெச்சு ஒரு ஆய்வு, 6 வாரம், அவங்கவங்க அதிகபட்ச சக்தில 75 சதவீதத்துல சைக்கிள் மிதிக்க விட்டாங்க, டியோட்ரோபியம் எடுத்தவங்க வெறும் பவுடர் எடுத்தவங்களை விட 105 செகண்ட் கூட மிதிச்சாங்க. மூச்சு வாங்குதவருக்கு 105 செகண்ட்ங்கது தெருமுனைக் கடைக்குப் போய்ச் சேருததா இல்ல நடுவழியில கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கதாங்கிற வித்தியாசம். அதனால 60 மில்லியைப் பாத்து மருந்து வீண்னு முடிவு கட்டாதீங்க.

மதுரை_கார்த்தி · நவம்பர் 10, காலை 9:20

எங்க மாமாவுக்கும் இதே கதைதான். டாக்டர் நடக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்ப்ரே அடிச்சுக்கங்கன்னு சொன்னாரு, நாங்க வேணாம்னுட்டோம். ஒவ்வொரு தடவை நடக்கவும் ஸ்ப்ரே அடிச்சா அப்பறம் அது இல்லாம நடக்கவே முடியாத நிலைமைக்கு வந்துருவாருல்ல. மருந்து இல்லாம மெதுவா நடந்து பழகுனாதான் நுரையீரல் பலமாகும்னு நினைக்கிறேன். தப்புன்னா சொல்லுங்க.

வார்டு_அக்கா · நவம்பர் 10, மதியம் 2:31

கார்த்தி, மனசுல பட்டதை அப்படியே கேட்டுட்டீங்க, நல்லது. வார்டுல 10 குடும்பத்துல 7 குடும்பம் இதைத்தான் நினைக்கும், வாயைத் திறந்து கேக்காது.

சால்பியூட்டமால், அஸ்தாலின்ல இருக்கற மருந்து, போதை மாதிரி புடிச்சுக்கற மருந்து இல்ல. ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம், 5 நிமிஷத்துல வேலை ஆரம்பிச்சிடும், 15லேர்ந்து 30 நிமிஷத்துல உச்சத்துக்கு வரும், 4லேர்ந்து 6 மணி நேரத்துல போயிடும். டாக்டர் சொன்ன அளவுல, நடக்கறதுக்கு 10, 15 நிமிஷம் முன்னாடி எடுத்தா, மாமா 5 நிமிஷம் நடக்கற இடத்துல 8 நிமிஷம் நடக்கலாம். அந்த 3 நிமிஷம்தான் காலுக்குப் பயிற்சி. மருந்து இல்லாம நடந்தா நுரையீரல் பலமாகாது, ஒருத்தருக்கும் ஆனதில்ல, கெட்டுப் போன நுரையீரலை நடை திருப்பிக் கொண்டு வராது. நடை மாத்தறது தொடையை, இதயத்தை, பயத்தை.

ஒரு எச்சரிக்கை, இது ஆஸ்துமாவுக்கு அப்படியே பொருந்தாது. ஆஸ்துமால சால்பியூட்டமால் மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கறது ஆபத்து, உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினாவே 2019ல அதைத் தனியா குடுக்காதீங்கன்னு மாத்திட்டாங்க, கூட ஸ்டீராய்டு இன்ஹேலர் இருந்தாகணும். சிஓபிடிலயும் வழக்கமா 2 பஃப் போதும்னு இருந்தவர் திடீர்னு ஒரு நாளைக்கு 8, 10னு போனா அது நடையோட விஷயம் இல்ல, நோய் கிளம்புது, உடனே காமிக்கணும். கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு அளவுக்கு மேல இருந்தாலும் சொல்லணும்.

பஞ்சுமில்_பழனி · நவம்பர் 10, மாலை 5:55

குமரா, நானும் மில்லுக்காரன்தான், எனக்கு 71. கோயமுத்தூர் பக்கம் 28 வருசம் கார்டிங். ஞாயித்துக்கெழம லீவு முடிஞ்சு திங்கக்கெழம ஷிப்டுக்கு போனா மத்தியானத்துக்குள்ள நெஞ்ச புடிக்கும், செவ்வா புதன் ஆனா கொறஞ்சுரும், நாங்கெல்லாம் அதை ஞாயித்துக்கெழம தின்ன கறிச்சோறு ஒத்துக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தோம். பஞ்சுத்தூசிதான் காரணம்னு ரிட்டயர்டு ஆனதுக்கப்பறம்தான் ஒரு டாக்டரம்மா சொல்லித் தெரிஞ்சுது. உங்கப்பாகிட்ட கேட்டுப் பாரு, அவருக்கும் திங்கக்கெழம நெஞ்சு புடிச்சிருக்கும்.

எம் பேரன் சொல்லித்தான் இதுல டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிக்கோணும். உங்கப்பா திண்ணைல உக்காந்திருக்காருன்னு சொன்னயில்ல, அது சோம்பல் இல்ல சாமி. பாதி வழில மூச்சு நின்னு போச்சுன்னா என்ன பண்றதுன்னு ஒரு பயம் வயித்துக்குள்ளயே இருக்கும். நாலு பேரு பாக்க ரோட்டுல குனிஞ்சு முட்டியப் புடிச்சுட்டு நிக்கறது அதவிட சங்கடம். நான் 2 வருசம் எங்க இட்டேரி தாண்டல. அவரைத் திட்டாத.

உடுமலை_குமரன் · நவம்பர் 12, இரவு 9:17

அக்கா, நீங்க சொன்ன மாதிரி இன்னிக்கு காலைல பக்கத்துல உக்காந்து பாத்தேனுங்க. பவுடரை மெதுவா, டீ உறிஞ்சற மாதிரி இழுக்கறாரு, இழுக்கறதுக்கு முன்னாடி அந்த ரோட்டாஹேலருக்குள்ளயே மூச்சை வேற ஊதறாரு. கேப்ஸ்யூலைத் திறந்து பாத்தா பாதிப் பவுடர் ஓரத்துல ஒட்டிக் கட்டியாக் கெடக்குது. அஸ்தாலினை அதுக்கு நேர் மாறா சடக்குன்னு வேகமா இழுக்கறாரு. ரெண்டையும் மாத்தி மாத்தி கத்துட்டிருக்காரு. 2 மாசம் நான் மருந்தைக் கொறை சொல்லீட்டு இருந்திருக்கேன்.

கால் பத்தியும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "மூச்சு வாங்கும், ஆனா அதுக்கு முன்னாடியே காலு கடுத்து நின்னுரும்"னு சொன்னாரு. 4 வருசத்துல இதை எங்க யாருகிட்டயும் சொன்னதில்ல, ஏன்னா நாங்க யாரும் கேக்கல. பழனி ஐயா, திங்கக்கெழம விசயமும் கேட்டேன், ஒரு நிமிசம் என்னையே பாத்துட்டு "உனக்கு யாரு சொன்னது"ன்னாரு.

வார்டு_அக்கா · நவம்பர் 12, இரவு 10:02

அப்போ முதல்ல இழுக்கறதைச் சரி பண்ணிடுவோம். பவுடர்னா ஆளோட மூச்சு வேகம்தான் அதைக் கிளப்பி உள்ள கொண்டு போகணும், அதனால மூச்சை வெளிய, கருவிக்கு வெளியதான், முழுசா விட்டுட்டு, உதட்டை இறுக்கமா வெச்சு, வேகமா ஆழமா ஒரே இழுப்பு. மிச்சம் இருந்தா இன்னொரு இழுப்பு. ஸ்ப்ரே அப்படி இல்ல, அது தானா வேகமா வரும், நாம வேகமா இழுத்தா தொண்டைல அடிச்சு அங்கயே தங்கிடும், அதனால நல்லா குலுக்கிட்டு, மெதுவா 4, 5 செகண்ட் இழுக்கணும். ரெண்டுலயும் இழுத்துட்டு 10 எண்ணற வரைக்கும் மூச்சைப் புடிக்கணும், முடியாதவங்க முடிஞ்ச வரைக்கும். ஸ்ப்ரேக்கு ஒரு ஸ்பேசர், ஸ்ப்ரேக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டற குழாய் டப்பா, வாங்கிக் குடுங்க, கை வாய் நேரம் பாக்கற கஷ்டமே இருக்காது.

டியோட்ரோபியம் வாய் வறட்டும், தண்ணி பக்கத்துல வைங்க. ப்ராஸ்டேட் தொந்தரவு, கண் பிரஷர் இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லிடுங்க, ஒண்ணுக்கு அடைச்சுக்கும் சில பேருக்கு.

இன்னொண்ணு. கால் கடுக்குதுன்னா எந்த இடம்? கெண்டைக்காலா, தொடையா? நடந்தா வலிச்சு நின்னா 2, 3 நிமிஷத்துல போயிடுதா? பீடி குடிச்ச கால் இது. காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதை மூச்சு மருந்து ஒண்ணும் பண்ணாது. பாதத்து மேலயும் உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னாடியும் நாடி தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, கை பிரஷரையும் கால் பிரஷரையும் ஒப்பிட்டு டாப்ளர்ல ஒரு டெஸ்ட் எடுப்பாங்க, வலி இல்லாத டெஸ்ட்.

நெல்லை_பிசியோ · நவம்பர் 13, காலை 7:10

அக்கா சொன்னதை முதல்ல முடிச்சுக்கிடுங்க. அது நல்லா இருந்துதுன்னா மிச்சம் இருக்கது தொடை.

கனடாவுல கியூபெக்ல 2003ல ஒரு ஆய்வு பண்ணுனாங்க, எனக்கு படிச்ச நாள்லேர்ந்து மறக்காத ஆய்வு. சிஓபிடி ஆளுங்களுக்கு இப்ராட்ரோபியம்னு டியோட்ரோபியம் மாதிரியே இன்னொரு மருந்து குடுத்து சைக்கிள் மிதிக்க விட்டாங்க. ஊதுத அளவு எல்லாருக்கும் கூடிச்சு. ஆனா மிதிச்சு முடிச்சதும் தொடைத் தசை சோர்ந்து போன ஆளுங்களுக்கு, எவ்வளவு நேரம் மிதிச்சாங்கங்கது கூடவே இல்ல. தொடை சோராதவங்களுக்கு மட்டும் கூடிச்சு. அதாவது மருந்து மூச்சுக் குழாயைத் திறந்து விட்டாச்சு, ஆனா அந்த ஆளை நிறுத்தினது மூச்சுக் குழாயே இல்ல.

வருஷக்கணக்கா மூச்சு வாங்குதேன்னு உக்காந்தா தொடை மெலியும். மெலிஞ்ச தொடை சீக்கிரம் சோர்ந்து லாக்டிக் அமிலத்தை விடும், அந்த அமிலத்தைச் சரிக்கட்ட உடம்பு இன்னும் மூச்சு கேக்கும், மூச்சு கூடுனா திரும்ப காத்து தேங்கும், பயந்து திரும்ப உக்காருவாங்க. நோய் கிளம்பும்போது ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி போட்டிருந்தா அதுவும் தசையைத் தின்னும்.

மருந்து வழியைத் திறக்கும், அந்த வழில நடக்க காலைத் தனியா தயார் பண்ணணும், ரெண்டும் சேந்துதான். ஒரே நேரத்துல டியோட்ரோபியமும் 8 வாரப் பயிற்சியும் குடுத்த ஆய்வு 2005ல வந்துச்சு. எல்லாருக்கும் பயிற்சி உண்டு, பாதிப் பேருக்கு மட்டும்தான் நிஜ மருந்து. பயிற்சிக்கு முன்னாடி ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல பெருசா வித்தியாசம் இல்ல, டிரெட்மில்ல ஒன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். 8 வாரம் முடிஞ்சதும் மருந்து எடுத்தவங்க 5.35 நிமிஷம் கூட நடந்தாங்க. பயிற்சி நின்னு 12 வாரம் கழிச்சும் பாத்தா 6.60 நிமிஷம் கூட. மூச்சு திறந்திருந்ததால காலை நல்லா வேலை வாங்க முடிஞ்சுது, அப்படித்தான் நான் புரிஞ்சுக்கிடுதேன்.

ஸ்கார்பரோ_ரமணன் · நவம்பர் 13, இரவு 11:44

நான் கனடாவில இருக்கிறன். அம்மா யாழ்ப்பாணத்தில இருக்கேக்க விறகு அடுப்புப் புகைக்குள்ளயே 40 வருஷம் சமைச்சவ, ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டுப் பாத்ததில்லை, இஞ்ச வந்து 72 வயசில சிஓபிடி எண்டு சொல்லேக்க ஒருத்தரும் நம்பேல்லை. அம்மாக்கு ரெண்டு மருந்து சேர்ந்த இன்ஹேலர் குடுத்தவை, நல்ல வித்தியாசம், குளிக்கேக்க களைக்கிறது குறைஞ்சிட்டுது. ஆனா நாள் முழுக்க எத்தனை காலடி நடக்கிறா எண்டு கையில கட்டுற மணிக்கூட்டில பாத்தன், மருந்துக்கு முன்னம் 1900, பிறகு 1950. ஏலும், ஆனா நடக்கிறேல்லை.

பிறகு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு 8 கிழமை, கிழமைக்கு ரெண்டு நாள் கூட்டிக்கொண்டு போனன். அங்கத்தைப் பிசியோ பிள்ளை சொன்னது, மருந்து உங்கட அம்மாவுக்கு நடக்கிற வலுவைத் தரும், நடக்கிற பழக்கத்தைத் தராது எண்டு. அது உண்மைதான். இப்ப 3400 அடி நடக்கிறா, பனிக்காலத்தில மோலுக்குள்ள.

நெல்லை_பிசியோ · நவம்பர் 14, காலை 6:30

ரமணன் அண்ணே, நீங்க மணிக்கூட்டில பாத்ததையேதான் பெரிய ஆய்விலயும் பாத்தாங்க. டியோட்ரோபியம் ஓலோடாடெரால் சேந்த இன்ஹேலரை வெச்சு 12 வாரம், 303 பேரு. தாங்குத நேரம் கூடிச்சு, ஆனா மருந்து மட்டும் ஒரு நாளைக்கு நடக்க அடியைத் தனியா கூட்டல. மறுவாழ்வுப் பயிற்சிக்கு 2015ல வந்த காக்ரேன் தொகுப்புல, அதாவது பல ஆய்வைச் சேத்து அலசுத தொகுப்பு, 65 ஆய்வு, 3822 பேரு, 6 நிமிஷ நடைல சராசரியா 44 மீட்டர் கூடியிருக்கு. 30 மீட்டர் கூடுனாலே அந்த ஆளுக்கே வித்தியாசம் தெரியும்னு வெச்சிருக்காங்க. குமரன் தம்பிக்கு 240லேர்ந்து 248ங்கது அந்த அளவுல வராது, ஆனா பாதி மருந்து கேப்ஸ்யூல்லயே இருந்ததை வெச்சுப் பாத்தா ஆச்சரியமும் இல்ல.

டல்லாஸ்_சிவா · நவம்பர் 14, இரவு 8:20

இந்த இழையைப் படிக்கிறவங்க எல்லா நுரையீரல் நோயும் ஒண்ணுன்னு எடுத்துக்கக் கூடாதுன்னு ஒரு விஷயம் சொல்றேன். என் மாமனாருக்கு சிஓபிடி இல்ல, நுரையீரல் தழும்பு புடிச்சு இறுகிப் போற ஐஎல்டி, கூடவே நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம். அவருக்கு முதல்ல ஒரு இடத்துல சிஓபிடி இன்ஹேலரே குடுத்து 7 மாசம் போச்சு. அவருக்குக் காத்துக்குழாய் சுருங்கவே இல்ல, அப்போ அதைத் திறக்கற மருந்து என்ன செய்யும்?

இங்க அவருக்கு இழுக்கற டிரெப்ரோஸ்டினில் குடுத்தாங்க, ஒரு நாளைக்கு 4 வேளை, அது ரத்தக்குழாயைத் தளர்த்தற மருந்து. 2021 ஆய்வுல 326 பேரு, 16 வாரம், 6 நிமிஷ நடைல மருந்து எடுக்காதவங்களை விட 31 மீட்டர் கூட. அதே வருஷம் மார்ச்ல அமெரிக்காவுல அனுமதியும் வந்துச்சு. ஆனா அதே மருந்தை சிஓபிடியோட ரத்தக்குழாய் அழுத்தம் இருக்கறவங்களுக்குக் குடுத்துப் பாத்த ஆய்வைப் பாதுகாப்புக் காரணத்துக்காக நடுவுலயே நிறுத்திட்டாங்க. இழுக்கற மருந்துதானேன்னு அடுத்தவங்க மருந்தை வாங்கிக் குடுக்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

உடுமலை_குமரன் · நவம்பர் 22, இரவு 9:50

கால் டாப்ளர் பாத்தாச்சுங்க, ரத்த ஓட்டம் நல்லா இருக்குன்னு சொல்லீட்டாங்க. கடுப்பு தொடைலதான். எக்கோவும் எடுத்தாங்க, இதயம் பரவாயில்ல. டாக்டர் நடைக்கு முன்னாடி அஸ்தாலின் 2 பஃப் ஸ்பேசர்ல எடுத்துக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. எங்கூருல மறுவாழ்வு மையம்னு ஒண்ணும் இல்ல, கோயமுத்தூர் வாரத்துக்கு 3 நாள் கூட்டீட்டு போறது எனக்கு ஆகாது. வீட்டுலயே என்ன பண்ணலாம்?

நெல்லை_பிசியோ · நவம்பர் 23, காலை 7:25

உங்க டாக்டர்கிட்ட காமிச்சுட்டு ஆரம்பிங்க, முதல் தடவை மட்டும் ஒரு பிசியோ நேர்ல பாக்கது நல்லது, விரல்ல மாட்டுத ஆக்சிஜன் மீட்டரை வெச்சு. நடக்கப்போ 88க்கு கீழ இறங்குனா நிறுத்தி டாக்டர்கிட்ட பேசணும், அவங்களுக்கு ஆக்சிஜன் வெச்சுதான் பயிற்சி.

பஃப் எடுத்து 15 நிமிஷம் கழிச்சு ஆரம்பம். முதல்ல கைப்பிடி இல்லாத நாற்காலில உக்காந்து எந்திரிக்கது, எந்திரிக்கும்போது மூச்சை விடணும், இதுதான் ரொம்ப முக்கியம், பாரம் தூக்குத நேரத்துல மூச்சைப் புடிச்சா அன்னைக்கு கதை முடிஞ்சுது. 5 தடவைல ஆரம்பிங்க. அப்புறம் நடை, ஒரேயடியா 20 நிமிஷம்னு வேண்டாம், 1 நிமிஷம் நல்ல வேகமா 1 நிமிஷம் நின்னு, அப்படி 6 சுத்து, வாரத்துக்கு 1 சுத்து ஏத்துங்க. விடுத மூச்சை விளக்கை அணைக்காம சுடர் ஆடுத அளவுக்கு உதட்டைக் குவிச்சு நீளமா விடணும், இழுத்ததை விட ரெண்டு மடங்கு நேரம். எவ்வளவு மூச்சு வாங்கணும்னு கேப்பாங்க, 0லேர்ந்து 10 வரைக்கும் மதிப்பெண் போடச் சொல்லுங்க, 4லேர்ந்து 6க்குள்ள இருக்கணும். மூச்சே வாங்காம நடந்தா அது பயிற்சி இல்ல, சும்மா உலாத்துதது. மூச்சு வாங்குதது ஆபத்து இல்லன்னு உங்கப்பா நம்பணும், அதுக்கு நீங்க பக்கத்துல இருக்கணும்.

கையில 1 லிட்டர் தண்ணி பாட்டில் வெச்சு தோள் உயரம் வரைக்கும் தூக்கட்டும். கை மேல போனா மூச்சு கூடுதலா வாங்கும், துணி காயப் போடுத வேலைக்கே திணறுதவங்களுக்கு இது உதவும்.

பஞ்சுமில்_பழனி · நவம்பர் 23, மாலை 6:14

ஒண்ணு சொல்றேன். மார்கழில விடியக்காலம் வேண்டாம் குமரா, பனி நெஞ்சைக் கட்டும். பொழுதோட போங்க. போற வழில உக்கார எடம் எங்கெங்க இருக்குன்னு மொதல்லயே பாத்து வெச்சுக்க. எனக்கு ரேசன் கடைத் திட்டு, அப்பறம் வேப்பமரத்தடிக் கல்லு, அப்பறம் பள்ளிக்கூடக் காம்பவுண்டு. உக்கார எடம் இருக்குதுன்னு தெரிஞ்சா உக்காராமயே போயிருவோம்.

உடுமலை_குமரன் · ஜனவரி 19, இரவு 10:30

ரொம்ப நாள் ஆச்சுங்க எழுதி. 5 வாரம் நல்லா போச்சு, நாற்காலி 5ல இருந்து 14 ஆச்சு. போகிக்கு பக்கத்துத் தெருவுல பழைய டயரு பிளாஸ்டிக்கெல்லாம் போட்டு எரிச்சாங்க, கதவைச் சாத்தியும் புகை வந்துருச்சு, பொங்கல் அன்னிக்கு சளி பச்சையா மாறி மூச்சு ரொம்ப வாங்க ஆரம்பிச்சுது. 3 நாள் ஆஸ்பத்திரி, நெபுலைசர், ஆன்டிபயாடிக், 5 நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை. வந்தாச்சு. ஆனா மறுபடி நாற்காலில 6 தடவைக்கே உக்காந்துட்டாரு. எல்லாம் போச்சுன்னு சொல்றாரு. எனக்கும் அழுகையா வருது.

வார்டு_அக்கா · ஜனவரி 19, இரவு 11:12

போகலப்பா. படுத்த ஒரு வாரத்துல தொடை அவ்வளவு இறங்கும், எல்லாருக்கும் இறங்கும். இந்த நேரத்துலதான் நிறைய பேரு ஓய்வுன்னு சொல்லி மாசக்கணக்கா உக்கார வெச்சுடறாங்க. டாக்டர் சரின்னதும் இந்த வாரமே ஆரம்பிங்க, 3 தடவை எந்திரிச்சாலும் போதும். டியோட்ரோபியத்தை ஒரு நாளும் நிறுத்தாதீங்க. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி போட்டாச்சான்னு கேளுங்க. அடுத்த வருஷம் போகி சமயத்துல 2 நாள் அவரை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, நான் நிஜமாத்தான் சொல்றேன்.

பஞ்சுமில்_பழனி · ஜனவரி 20, காலை 8:40

எனக்கும் 3 தடவை இப்படி ஆயிருக்குது. மறுபடி வரும். மொத தடவை ஏறறதுக்கு 2 மாசம் ஆச்சு, ரெண்டாவது தடவை 3 வாரத்துல ஏறிட்டேன், காலுக்கு வழி தெரிஞ்சிருக்குது. உங்கப்பாகிட்ட இந்த நம்பருக்கு கூப்பிடச் சொல்லு, தனிச்செய்தில அனுப்பறேன். ரெண்டு மில்லுக்காரங்களும் பேசிக்கறோம்.

உடுமலை_குமரன் · மார்ச் 16, இரவு 9:05

இன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டால மறுபடி அளந்தாங்க. 291 மீட்டர். எஃப்இவி1 1.15, அது அப்படியேதான் இருக்குது, நான் இப்ப அதைப் பாத்து பயப்படறதில்ல. மருந்து அதேதான், டோஸ் ஏத்தல. பழனி ஐயாவும் அப்பாவும் தினமும் பொழுதோட போன்ல பேசறாங்க, அவங்கவங்க ஊருல நடந்துட்டே, அதாவது நிக்கற 1 நிமிசத்துல மட்டும் பேசுவாங்க.

நேத்து மாடிக்கு ஏறிப் பாத்தாரு. 17 படி, நடுவுல ஒரு தடவை நின்னாரு, ஒவ்வொரு படிக்கும் மூச்சை விட்டு விட்டு ஏறினாரு. ரூமைத் திறந்து பாத்துட்டு ஜன்னல்ல தூசின்னு என்னைத் திட்டுனாரு. என் கூட நடக்க வரவேண்டாம்னும் சொல்லீட்டாரு, நான் வேகமா போறனாம்.

ஒரு சந்தேகம் அக்கா, ஸ்பேசர் உள்ள வெள்ளையா படிஞ்சிருக்குது, துணி வெச்சுத் தொடைக்கலாமா?

வார்டு_அக்கா · மார்ச் 16, இரவு 9:48

துடைக்காதீங்க, தேய்ச்சா நிலைமின்சாரம் வந்து மருந்தெல்லாம் சுவத்துலயே ஒட்டிக்கும். வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவற லிக்விட் 2 சொட்டு விட்டு முக்கி எடுத்து, அப்படியே நிழல்ல காய வைங்க. மாசத்துக்கு ஒரு தடவை போதும். 291க்கு அப்பாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க.